பக்கமும் பாடமும்: மின்னியல் ஆவணங்களில் பக்கப் படிமங்களைப் பேணுதல்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், லாபிஸுக்கும் பாலோவுக்கும் இடையே தொடர்வண்டிப் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் பெக்கோக். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் பகுதிக்குச் செல்வோர்க்கு வழியில் உள்ள ஊராகவே இன்று இது பலருக்கு அறிமுகம். ஆயினும் ஊரைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களிலும், பின்னர் செம்பனைத் தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்ந்துள்ளனர். அவர்களுடைய கோயில்களும் மன்றங்களும் அச்சிட்ட சிறுநூல்கள் அங்குள்ள வீடுகளின் பெட்டிகளில் நெடுங்காலம் கிடந்தன.

2004-ஆம் ஆண்டில், பட்டமேற்படிப்பு மாணவனாக இருந்த நான், அத்தகைய சிறுநூல் ஒன்றைப் பெக்கோக்கில் ஒரு வீட்டில் கண்டேன். தோட்டத்துக் கோயில் ஒன்றின் குடமுழுக்கை ஒட்டி வெளியிடப்பட்டது அது. முப்பது பக்கங்களுக்கு மேற்படாது. ஒரு பதிகம், நன்கொடையாளர் பட்டியல், இறுதியில் கடைக்காரர்களின் விளம்பரங்கள் ஆகியவை அதில் இருந்தன. பதிகத்தையும் பட்டியலையும் இரண்டு நாள் அமர்ந்து கணினியில் தட்டச்சு செய்தேன். விளம்பரங்கள் இலக்கியமல்ல என்று விட்டுவிட்டேன். அட்டையில் தமிழ் எண்களால் அச்சிடப்பட்டிருந்த ஆண்டை, படிப்போர் வசதி கருதி, 1936 என்று மாற்றி எழுதிக்கொண்டேன். நூலை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் ஜொகூரைத் தாக்கிய பெருவெள்ளத்தில் சிகாமட் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அந்த வீட்டிலும் நீர் புகுந்தது. நூல் எஞ்சவில்லை. என்னிடம் இருந்த கோப்பே அதன் ஒரே எச்சம் என்று அறிந்தபோது, ஒரு நூலைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவே முதலில் உண்டாயிற்று. சில ஆண்டுகள் கழித்து அக்குடும்பத்து முதியவர் ஒருவர், குடமுழுக்கு நடந்தது 1939-இல் அல்லவா என்று கேட்டார். அப்போதுதான் நான் காப்பாற்றியது நூலை அன்று, நூலைப் பற்றிய என் வாசிப்பை மட்டுமே என்பது விளங்கியது. தமிழ் எண்களில் ௬ என்பது ஆறு. ௯ என்பது ஒன்பது. தேய்ந்த அச்சில் இவ்விரண்டையும் மயங்கிப் படிப்பது எளிது. நான் சரியாகப் படித்தேனா என்பதைச் சரிபார்க்க இனி வழியில்லை.

மூன்றாண்டு வேறுபாடு சிறிது எனத் தோன்றலாம். ஆனால் 1938-ஆம் ஆண்டு சூன் மாதத்தில்தான் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் உடலுழைப்புத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. கோயில் 1936-இல் எழுந்ததாயின் அது தொழிலாளர் வரத்து தொடர்ந்துகொண்டிருந்த காலத்தின் செயல். 1939-இல் எழுந்ததாயின், கதவு அடைபட்டபின் இம்மண்ணிலேயே நிலைத்துவிட முடிவுசெய்த மக்களின் செயலாக அதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு. அட்டையில் தமிழ் ஆண்டின் பெயரும் இருந்ததாக நினைவு. அது 'தாது' என்றிருந்தால் 1936, 'பிரமாதி' என்றிருந்தால் 1939. அந்த ஒரு சொல்லையும் நான் தேவையற்றதெனத் தட்டச்சு செய்யவில்லை.

பக்கத்தின் படிமத்தையும், தேடுதற்குரிய எழுத்துப் பாடத்தையும் மின்னியல் ஆவணத்தில் ஏன் ஒருங்கே பேண வேண்டும் என்பதையும், அதற்குரிய வழிமுறைகளையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. பக்கப் படிமம் என்பது வருடியாலோ ஒளிப்படக் கருவியாலோ எடுக்கப்பட்ட பக்கத்தின் உருவம். பாடம் என்பது அப்பக்கத்திலுள்ள எழுத்துகளைக் கணினி அறியத்தக்க குறியீடுகளாக மாற்றிய வடிவம்.

பாடம் என்பது ஒரு வாசிப்பு

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த வரலாற்றை அறிந்த தமிழாசிரியர்களுக்கு இக்கருத்து புதிதன்று. சுவடிகளில் பொதுவாக மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டிருக்கும். 'ர'கரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, இத்தகைய இடங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு முடிவை எடுக்க வேண்டியிருந்தது. அச்சு நூல் அம்முடிவுகளின் தொகுப்பு. பிற்காலத்தார் ஒரு பாடத்தை ஐயுறும்போது மீண்டும் ஏட்டை நாடுவது இதனாலேயே.

அச்சு நூலைக் கணினியில் ஏற்றுவதும் இத்தகைய பதிப்புப் பணியே. சொற்களைப் பிரிப்பதா, சேர்ப்பதா? அச்சுப் பிழையைத் திருத்துவதா, விடுவதா? தட்டச்சு செய்பவர் ஒவ்வொரு வரியிலும் இவ்வினாக்களுக்கு விடையளித்துக்கொண்டே செல்கிறார். ஆனால் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் பாட வேறுபாட்டைக் காட்டுவார், தட்டச்சாளர் காட்டுவதில்லை. ஆகவே படிமம் இல்லாத பாடம், ஏடு இல்லாத பதிப்பினும் ஒருபடி தாழ்ந்தது.

எழுத்துணரியின் இயல்பு

தட்டச்சு செய்வோரின் இடத்தை இன்று பெரிதும் எழுத்துணரி மென்பொருள்கள் பிடித்துள்ளன. எழுத்துணரி முதலில் பக்கத்தைக் கருப்பும் வெள்ளையுமாகப் பிரிக்கிறது. பத்திகளையும் வரிகளையும் இனங்காண்கிறது. பின்னர் ஒவ்வொரு வடிவத்தையும் தான் பயின்ற வடிவங்களோடு ஒப்பிட்டு, மிக நெருங்கியதைத் தேர்ந்தெடுக்கிறது. 2005-இல் திறமூலமாக்கப்பட்ட டெசராக்ட் மென்பொருளும், 2015 முதல் கூகுள் நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு வழங்கிய எழுத்துணரியும் தமிழில் இப்பணியை எளிதாக்கின. தெளிவான அண்மைக்கால அச்சில் இவற்றின் விளைவு பாராட்டத்தக்கது.

பழைய அச்சில் நிலைமை வேறு. தமிழ் எண்களையே எடுத்துக்கொள்ளலாம். ௧ என்பது ககரத்தையும், ௩ என்பது ஙகரத்தையும், ௬ என்பது 'சு'வையும், ௯ என்பது 'கூ'வையும் ஒத்தவை. ஆகவே ௧௯௩௬ என்று அச்சிடப்பட்ட ஆண்டை எழுத்துணரி 'ககூஙசு' என்று படித்துவிடக்கூடும். பாடத்தை மட்டும் வைத்துள்ள ஒருவருக்கு இது பொருளற்ற எழுத்துக்கோவை. 1936 என்று தேடுபவருக்கு அந்நூல் கிடைக்கவே கிடைக்காது. படிமம் அருகில் இருந்தால், படிப்பவர் ஒரு நொடியில் உண்மையைக் காண்பார்.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று அண்மையில் தோன்றியுள்ளது. பெருமொழி மாதிரிகளின் துணையுடன் இயங்கும் இன்றைய எழுத்துணரிகள், தெளிவில்லாத இடத்தைப் பொருத்தமான சொல்லால் நிரப்பிவிட வல்லவை. பழைய எழுத்துணரியின் பிழை பிழையாகவே தெரியும். புதியதன் பிழை நல்ல தமிழாகத் தெரியும். 'உபாத்தியாயர்' என்று தேய்ந்திருந்த சொல் 'ஆசிரியர்' என்று வந்தால் படிப்பவருக்கு ஐயமே எழாது. எழுத்துணரி திறம்பெறத் திறம்பெறப் படிமத்தின் தேவை குறையும் என்று கருதுவது பொருந்தாது. பிழை கண்ணுக்குப் புலப்படாமற் போகும்போதுதான் சான்று மிகுதியும் வேண்டப்படுகிறது.

குறியீடு மாறும், பக்கம் மாறாது

பாடத்தைச் சேமிக்கும் குறியீட்டு முறையும் நிலையானதன்று. 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டைக் கொண்டிருந்தன. பின்னர் தகுதரமும், 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் முறைகளும் வந்தன. இறுதியில் ஒருங்குறி நிலைபெற்றது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலைப் பயன்படுத்திப் பழகியோர் பலர் இம்மாற்றங்கள் அனைத்தையும் கடந்து வந்தவர்களே. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கோப்புகளை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. சில கோப்புகள் வழியிலேயே கைவிடப்பட்டன.

ஒருங்குறியும் ஒரே நாளில் முழுமை பெறவில்லை. நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய் முதலியவற்றைக் குறிக்கும் ௳, ௴, ௵, ௶, ௷, ௸, ௹ ஆகிய குறிகள் 2003-இல்தான் அதில் இடம்பெற்றன. மா, காணி, முந்திரி போன்ற பின்னங்களுக்கும் பிற கணக்குக் குறிகளுக்கும் 2019-இல் தனித் தொகுதி ஒதுக்கப்பட்டது. அதற்கு முன்னர் ஒரு கோயிற் கணக்கேட்டை ஒருங்குறியில் ஏற்றியவர், அக்குறிகளை விட்டிருக்க வேண்டும். அல்லது வேறொன்றாக மாற்றியிருக்க வேண்டும். படிமத்தைப் பேணியவர் இன்று திரும்பிச் சென்று அவற்றைச் சேர்க்கலாம். படிமம் இல்லாதவருக்கு அவ்வாய்ப்பு இல்லை.

எழுத்துச் சீர்திருத்தம் இதற்கு மற்றுமொரு சான்று. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய கூட்டு வடிவங்களுக்கு மாறாகச் சீரமைந்த வடிவங்களை ஈ. வெ. ராமசாமி 1935 முதல் குடி அரசு இதழில் கையாண்டார். தமிழ்நாட்டு அரசு அவற்றை 1978-இல் ஏற்றது. சிங்கப்பூர் 1983-இல் ஏற்றது. ஒருங்குறியில் பழைய 'லை'க்கும் புதிய 'லை'க்கும் ஒரே குறியீடுதான். வடிவ வேறுபாடு எழுத்துருவைப் பொறுத்தது. எனவே மலாயாவின் எந்த இதழ், எந்த ஆண்டில், எந்த எழுத்தில் புதிய வடிவத்தை ஏற்றது என்னும் ஆய்வைப் பாடத்தைக் கொண்டு நடத்தவே இயலாது. தன்மதிப்பு இயக்கம் இந்நாட்டு அச்சகங்களை எவ்வளவு தொட்டது என்பதற்கான கண்கூடான சான்று பக்கத்தில் மட்டுமே உள்ளது.

பக்கத்தில் மட்டும் உள்ளவை

சொல் அன்றி அமைப்பே பொருளாகும் இடங்களும் உண்டு. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய வரலாற்றின் தொடக்கத்தில் பேசப்படும் நூல்களுள் ஒன்று, யாழ்ப்பாணம் சதாசிவ பண்டிதர் 1887-இல் சிங்கப்பூரில் வெளியிட்ட சித்திரகவிகள். சித்திரகவி என்னும் வகையே செய்யுளின் எழுத்துகளைப் பாம்பு, தேர் முதலிய உருவங்களுள் அடைத்துக் காட்டும் கலை. ஓரெழுத்து இரண்டு வரிகள் வெட்டும் இடத்தில் நின்று இருமுறை படிக்கப்படும். அதனை வரிசையான பாடமாக மாற்றினால் செய்யுள் எஞ்சும், சித்திரம் மறையும்.

செய்தித்தாள்களிலும் இந்நிலையே. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனும், 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் இந்நாட்டுத் தமிழ் எழுத்தின் நாற்றங்கால்களாக விளங்கின. 1950-களின் தொடக்கத்தில் நேசன் நடத்திய கதை வகுப்பும், முரசின் மாணவர் மணிமன்றமும் ஒரு தலைமுறை எழுத்தாளர்களை உருவாக்கின. ஒரு சிறுகதையை மட்டும் பெயர்த்தெடுத்துப் பாடமாக்கினால், அவசரகாலச் செய்திகளுக்கும் ரப்பர் விலைக்கும் நடுவே அக்கதை படிக்கப்பட்டது என்னும் உண்மை மறைந்துவிடும். அது எந்தப் பக்கத்தில், எவ்வளவு பெரிய தலைப்புடன், எந்த விளம்பரத்தின் அருகில் வந்தது என்பனவும் இலக்கிய வரலாற்றுக்குரிய தரவுகளே.

நான் விட்டுவிட்ட விளம்பரங்களின் அருமை இன்று தெரிகிறது. ஒரு சிற்றூரில் எந்த ஆண்டில் எத்தகைய கடைகள் இருந்தன, தமிழ்க் கோயில் மலருக்குச் சீன வணிகர் விளம்பரம் கொடுத்தனரா, மளிகைக் கடைக்குப் பணம் அனுப்பும் தொழிலும் இருந்ததா என்னும் வினாக்களுக்கு அரசு ஆவணங்களில் விடை கிடைப்பது அரிது. ஓர் ஆய்வாளர் தேவையற்றதெனத் தள்ளுவதே மற்றோர் ஆய்வாளரின் முதன்மைச் சான்று. படிமம் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. அதுவே அதன் சிறப்பு.

படிமம் மட்டும் போதுமா?

படிமமே போதும் என்னும் மறுமுனைக் கருத்தும் ஏற்கத்தக்கதன்று. 2000-களில் இந்திய மின்னூலகத் திட்டம் தமிழ் நூல்கள் உட்படப் பல மொழி நூல்களைப் பெருமளவில் படிமங்களாக்கியது. ஆயினும் நூற்பெயர்கள் உரோமன் எழுத்தில் பிழைபடப் பதிவாகியிருந்தமையால், உள்ள நூலையே கண்டுபிடிக்க இயலாத நிலை பலருக்கு ஏற்பட்டது. நூலின் உள்ளே தேடுதற்கும் வழியில்லை. தேட முடியாத ஆயிரம் பக்கங்கள், பூட்டிய அறையில் உள்ள நூல்கள் போன்றவை. மேலும் பார்வைக் குறையுடையோர் திரைபடிப்பான் கொண்டு கேட்பதற்கும், சொல்லடைவு உருவாக்குவதற்கும், சொல்வழக்கு மாற்றத்தைக் கணக்கிடுவதற்கும் பாடமே வேண்டும்.

படிமம் பொய்யே சொல்லாது என்பதும் முழு உண்மையன்று. 2013-இல் செருமானியக் கணினியியலாளர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில வருடிகள் ஒரு கட்டட வரைபடத்தில் அறைகளின் பரப்பளவு எண்களையே மாற்றிவிட்டதைக் கண்டறிந்தார். கோப்பின் அளவைக் குறைக்க அக்கருவிகள் ஒத்த வடிவங்களை ஒன்றாகக் கருதி, ஒன்றின் படத்தையே மற்றதன் இடத்திலும் வைத்தன. அதனால் 6 இருந்த இடத்தில் 8 தோன்றியது. ௬, ௯ ஆகிய எண்கள் நிறைந்த தமிழ்க் கணக்கேட்டில் இத்தகைய சுருக்கம் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். எனவே மூலப் படிமத்தை இழப்பில்லா முறையில் சேமிப்பது இன்றியமையாதது.

படிமம் எடுத்தபின் தாளை எறிந்துவிடலாம் என்பதும் தவறு. அமெரிக்க நூலகங்கள் நுண்படம் எடுத்தபின் செய்தித்தாள் தொகுதிகளைக் கழித்துவிட்டதையும், அந்நுண்படங்கள் பல குறைபட்டிருந்ததையும் நிக்கல்சன் பேக்கர் 2001-இல் வெளியிட்ட நூலில் கடிந்துரைத்தார். படிமம் தாளுக்குத் துணை, மாற்று அன்று.

தமிழ் மின்னூலக முயற்சிகள் காட்டும் வழி

1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் ஒருங்கிணைப்பில், தன்னார்வலர்களின் தட்டச்சு உழைப்பால் வளர்ந்தது. அது பாடத்தை முதன்மையாகக் கொண்டதற்கு அன்றைய தொழில்நுட்பம் ஒரு காரணம். அரைத்தாள் அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் செறிவில் வண்ணத்தில் எடுத்தால் ஏறத்தாழ 43 இலட்சம் புள்ளிகள் அமையும். புள்ளிக்கு மூன்று பைட்டு வீதம், சுருக்கப்படாத நிலையில் அது 13 மெகாபைட்டு. தொலைபேசிக் கம்பிவழி இணைப்பின் உச்ச வேகத்திலும் அந்த ஒரு பக்கத்தைப் பெற அரைமணி நேரம் ஆகியிருக்கும். அதே பக்கத்தின் பாடமோ ஐந்து கிலோபைட்டுக்கு மேற்படாது. அன்று பாடத்தைத் தேர்ந்தது பிழையன்று. இன்று அக்காரணம் இல்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய நூல்கள், அவர் 1992-இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையுடன் சென்னையில் ஆய்வு நூலகமாயின. அங்கு 1994 முதல் நுண்படமும் பின்னர் மின்படிமமும் எடுக்கப்பட்டன. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட துயரத்தை மறவாத இலங்கைத் தமிழரிடையே 2005-இல் தோன்றிய நூலகத் திட்டம், நூல்களோடு இதழ்களையும் நினைவு மலர்களையும் பிரசுரங்களையும் பக்கப் படிமங்களாகத் திரட்டி வருகிறது. மதுரைத் திட்டத்தின் அண்மைக்கால வெளியீடுகள் பலவும் பிற நூலகங்களின் படிமங்களிலிருந்து எழுத்துணரி வழிப் பெற்றுத் திருத்தியவையே. தனித்தனி நெறிகளாக இருந்தவை ஒன்றையொன்று நாடத் தொடங்கியுள்ளன.

இரண்டையும் ஒரே திரையில் இணைத்துக் காட்டுவது தமிழ் விக்கிமூலம். தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய, நாட்டுடைமையாக்கப்பட்ட 2000-க்கும் மேற்பட்ட நூல்கள் 2016-ஆம் ஆண்டையொட்டி அதில் ஏற்றப்பட்டன. ஒருபுறம் பக்கத்தின் படிமம். மறுபுறம் எழுத்துணரி தந்த பாடம். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள் நிறமும், மற்றொருவர் மீண்டும் சரிபார்த்தால் பச்சை நிறமும் பெறும். ஒரு பாடத்தை எவ்வளவு நம்பலாம் என்பதைப் படிப்பவருக்கே தெரிவிக்கும் இம்முறை, நேர்மையான பதிப்பு நெறியாகும். நமக்கு அண்மையில், அருண் மகிழ்நன் முன்னின்று நடத்த, சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் துணையுடன் 2015 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட தமிழ் மின்மரபுடைமைத் திட்டம், 1965 முதலான ஐம்பதாண்டுக் காலச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்னுருவாக்கியது. சமூகத்தினரும் நூலகமும் கூடினால் இப்பணி இயலும் என்பதற்கு அது சான்று.

இணைக்கும் முறை

படிமத்தையும் பாடத்தையும் வெவ்வேறு கோப்புறைகளில் வைத்திருப்பது மட்டும் இணைப்பாகாது. எளிய முறை, பி.டி.எஃப். கோப்பில் படிமத்தின் பின்னே பாடத்தைக் கண்ணுக்குப் புலப்படாத அடுக்காக அமைப்பது. தேடும் சொல் படிமத்தின்மீதே ஒளியூட்டிக் காட்டப்படும். நூலகங்கள் கையாளும் விரிவான முறையில், ஒவ்வொரு சொல்லும் பக்கத்தின் எவ்விடத்தில், எவ்வளவு அகல உயரத்தில் உள்ளது என்பது ஆல்ட்டோ எனப்படும் வடிவில் தனிக்கோப்பாகப் பதிவாகும். இதனால் பாடத்தைப் பின்னர் திருத்தினாலும், புதிய எழுத்துணரியால் மீண்டும் உருவாக்கினாலும் படிமம் பாதிக்கப்படாது. படிமம் மாறாத அடித்தளம்; பாடம் அதன்மீது மீண்டும் மீண்டும் எழுப்பத்தக்க கட்டடம்.

இதனோடு மூன்றாவது ஒன்றும் வேண்டும். பாடத்தை உருவாக்கியவர் கடைப்பிடித்த நெறிமுறைக் குறிப்பே அது. தமிழ் எண்கள் மாற்றப்பட்டனவா, அச்சுப் பிழைகள் திருத்தப்பட்டனவா, எப்பகுதிகள் விடப்பட்டன, எந்த மென்பொருள் எந்த ஆண்டில் பயன்பட்டது என்பனவற்றை ஒரு பக்கத்தில் எழுதிவைத்தால் போதும். 2004-இல் அத்தகைய குறிப்பை நான் எழுதியிருந்தால், இழந்தது இன்னதென்றாவது இன்று திட்டமாகத் தெரிந்திருக்கும்.

மலேசியச் சூழலில் செய்யத்தக்கவை

நம் நாட்டுத் தமிழ் நூல்களின் இருப்பை அறிய இன்றும் உதவுவது இராம. சுப்பையா தொகுத்து, மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969-இல் வெளியிட்ட 'தமிழ் மலேசியானா' என்னும் நூற்பட்டியல். நீரிணைக் குடியேற்றங்களில் 1886-இல் இயற்றப்பட்ட நூற்பதிவுச் சட்டத்தின் விளைவாக அக்கால வெளியீடுகள் சில இலண்டனில் எஞ்சியுள்ளன. ஆனால் தோட்டப்புறக் கோயில் மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், மன்ற அறிக்கைகள், நாடக அறிவிப்புகள் ஆகியன பெரும்பாலும் எப்பட்டியலிலும் இடம்பெறாதவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோதும் அவை சிதறின. 2019-இல் தமிழ் நேசன் நின்றுபோனது, நெடிய வரலாறுடைய நிறுவனமும் நிலையானதன்று என்பதை உணர்த்தியது.

இவற்றைத் திரட்டுதற்குத் தகுதியுடையோர் ஊர்தோறும் உள்ள தமிழாசிரியர்களே. அதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. கைப்பேசியின் ஒளிப்படக் கருவியே தொடக்கத்திற்குப் போதும். சில நெறிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். நூலை மேசைமீது விரித்து, சாளரத்தின் சீரான வெளிச்சத்தில், கருவியைப் பக்கத்திற்கு நேர்மேலே பிடித்து எடுக்க வேண்டும். முன்னட்டை முதல் பின்னட்டை வரை, வெற்றுப் பக்கமும் விளம்பரமும் உட்பட, எதையும் விடாது எடுக்க வேண்டும். ஓரங்களை வெட்டுதல் கூடாது. பக்கத்தின் அருகே ஓர் அளவுகோலை வைத்தால் நூலின் உண்மையான அளவு பதிவாகும். கிழிந்த பக்கத்தையும் அவ்வாறே எடுக்க வேண்டும். புலனத்தின் வழி அனுப்பினால் படிமம் சுருங்கிவிடும். ஆகவே மூலக் கோப்பையே படியெடுத்துத் தருதல் நன்று.

கோப்புகளுக்கு ஊர், நூல், பக்க எண் விளங்கப் பெயரிட்டு, நூல் யாரிடமிருந்து எந்நாளில் பெறப்பட்டது என்பதை எழுதிவைத்தல் வேண்டும். மூன்று படிகளேனும் இருத்தல் நலம். அவற்றுள் ஒன்று வேற்றூரில் இருக்க வேண்டும். ஒரே ஊரின் வெள்ளம் மூன்றையும் கொண்டுபோதல் கூடாது. அதன்பின் எழுத்துணரி கொண்டு பாடம் உருவாக்கி, ஒருங்குறியில் சேமிக்கலாம். மெய்ப்புப் பார்க்கும் பணியை இடைநிலைப்பள்ளி மாணவர்க்கு ஒப்படைத்தால் அவர்கள் பழைய எழுத்துகளையும் தமிழ் எண்களையும் கற்பர்; தம் ஊரின் வரலாற்றையும் அறிவர்.

பதிப்புரிமையையும் கருத வேண்டும். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இலக்கியப் படைப்புக்கு ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப்பின் 50 ஆண்டுகளும் காப்புண்டு. அக்காலம் முடியாத நூல்களைப் பொதுவெளியில் வைக்க உரியோரின் இசைவு பெறுதல் வேண்டும். இசைவு பெறும்வரை நூல் அழியக் காத்திராமல், உடையவரின் ஒப்புதலுடன் படிமம் எடுத்துக் காத்து, வெளியிடுவதைப் பின்னர் முடிவு செய்யலாம். பேணுதலும் வெளியிடுதலும் வெவ்வேறு செயல்கள்.

முடிவுரை

பாடம் இன்றேல் பக்கத்தைக் கண்டடைய முடியாது. பக்கம் இன்றேல் பாடத்தை நம்ப முடியாது. பாடம் எவ்வளவு திருத்தமாக அமைந்தாலும் அது ஒருவரின் அல்லது ஒரு கருவியின் வாசிப்பே. அவ்வாசிப்பைப் பின்வருவோர் சரிபார்க்கும் உரிமையைக் காப்பதே படிமத்தைப் பேணுவதன் பயன்.

2023 மார்ச்சு மாதத்தில் சிகாமட் மாவட்டம் மீண்டும் பெருவெள்ளத்தைக் கண்டது. அவ்வட்டாரத்து வீடுகளில் இன்னும் எத்தனை மலர்கள் எஞ்சியுள்ளன என்பதை அங்குள்ள ஆசிரியர்களே கண்டறிய இயலும். என்னிடம் உள்ள கோப்பில் நன்கொடையாளர் பெயர்கள் வரிசையாக உள்ளன. அவர்கள் கொடுத்த தொகைகளும் உள்ளன. அவை அனைத்தையும் நான் சரியாகப் படித்தேன் என்றே நம்புகிறேன். ஆனால் அக்கோப்பின் முதல் வரியில் 1936 என்பதை அடுத்து இப்போது ஒரு வினாக்குறியைச் சேர்த்துள்ளேன். அதை நீக்கும் ஆற்றல் அந்நூலின் அட்டைப் பக்கத்திற்கு மட்டுமே இருந்தது.